சிங்கில் கொட்டிய மஞ்சள் ஒயின்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பிரான்சில் உள்ள திஜோன் நகரத்துக்கு வேலைக்கு வந்த முதல் குளிர்காலம். உடன் வேலை பார்ப்பவர் ஒருவர் கிறிஸ்துமஸுக்கு ஒரு புட்டி கொடுத்தார். குட்டையாக, தோள் அகன்று, அந்தக் காலத்து மருந்துப் புட்டி மாதிரி இருந்தது. வெள்ளை ஒயின் என்றால் ஃப்ரிட்ஜில் வைத்துக் குடிக்க வேண்டும் என்பது மட்டும்தான் அன்றைக்கு எனக்குத் தெரிந்த சாஸ்திரம். வைத்தேன். மறுநாள் திறந்து ஊற்றினால் நல்லெண்ணெய் நிறத்தில் இறங்குகிறது. முகர்ந்தால் பழ வாசனை என்று ஒன்றுமே இல்லை. பூட்டிக்கிடந்த பரணைத் திறந்தது போல ஒரு நெடி, கூடவே எங்கேயோ பழகிய, ஆனால் பெயர் வராத இன்னொன்று. ஒரு வாய் குடித்தேன். துளி இனிப்பில்லை, நாக்கு சுருண்டுகொண்டது. மனைவி முகர்ந்து பார்த்துவிட்டு "கெட்டுப்போச்சுங்க" என்றாள். லேபிளில் எட்டு வருடத்துக்கு முந்தைய ஆண்டு வேறு போட்டிருந்தது. அப்புறம் என்ன யோசனை? முழுப் புட்டியையும் சிங்கில் கொட்டினேன்.

ஜனவரியில் அவர் "எப்படி இருந்தது?" என்று கேட்டபோது "பிரமாதம்" என்று சமாளித்துவிட்டேன். அதே வாரம் கடையில் அந்தக் குட்டைப் புட்டியைப் பார்த்தேன். 42 யூரோ. வீட்டில் சொல்லவில்லை.

பெரிய மாமாவிடம் மட்டும் சொன்னேன். என் மனைவியின் பெரியப்பா அவர். புதுச்சேரிக்காரர், இளவயதில் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து ஓய்வு பெற்றவர். புதுச்சேரி வழக்கில் சொன்னால் சொல்தா. இப்போது பெசான்சோனில் குடியிருக்கிறார். போனில் அவர் சிரித்து முடிக்கவே ஒரு நிமிடம் ஆனது.

"மாப்ள, நீ கொட்டினது வன் ஜோன். ஜூராக்காரன் காதுல விழுந்தா உன்னை ஊருக்குள்ளயே விடமாட்டான். மே மாசம் வா, அர்புவாவுக்குப் போவோம்."

வன் ஜோன் என்றால் மஞ்சள் ஒயின், அவ்வளவுதான் அர்த்தம். அது பிறக்கும் ஊர்களில் ஒன்று அர்புவா. ஜூரா மலையடிவாரத்தில், மூவாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். பெசான்சோனிலிருந்து நேராகவே உள்ளூர் ரயில் போகிறது. காரில் போகலாமே என்றேன், மாமா ஒப்புக்கொள்ளவில்லை. பிரான்சில் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹாலைத் தொட்டாலே அபராதம், லைசென்சிலும் புள்ளி போகும். ஐந்தாறு ஒயின்களை ருசித்துவிட்டு ஸ்டியரிங்கைத் தொடுவது புத்திசாலித்தனம் இல்லை. ரயில் நிலையத்திலிருந்து ஊருக்குள் கொஞ்சம் நடக்க வேண்டும். வழியெல்லாம் கொடித் தோட்டம்தான், அலுப்புத் தெரியவில்லை.

காலையில் முதலில் நுழைந்தது லூயி பாஸ்டரின் வீட்டுக்குள். குயிசான்ஸ் என்ற சிற்றாறு வீட்டுச் சுவரை ஒட்டி ஓடுகிறது. அப்பா தோல் பதனிடுபவர், அந்தத் தொழிலுக்குத் தண்ணீர் வேண்டும், அதனால் ஆற்றங்கரை. பாஸ்டர் பிறந்தது டோல் என்ற பக்கத்து ஊரில் என்றாலும் வளர்ந்தது இங்கேதான். பாரிசில் பெரிய விஞ்ஞானி ஆன பிறகும் விடுமுறைக்கு இங்கே வந்துகொண்டே இருந்தார். வந்தவர் சும்மா இருக்கவில்லை, மாடியில் ஒரு ஆய்வுக்கூடம் வைத்துக்கொண்டார். பால் பாக்கெட்டில் 'பாஸ்டுரைஸ்டு' என்று படித்து வளர்ந்தவன் நான். அந்தச் சொல்லின் தொடக்கம் பாலில் இல்லை, ஒயினில் என்பது எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது. 1860களில் பிரெஞ்சு ஒயின்கள் வழியிலேயே புளித்தும் கசந்தும் கெட்டுப்போக, காரணம் கண்டுபிடிக்கச் சொல்லி மூன்றாம் நெப்போலியன் இவரைக் கேட்டுக்கொண்டார். இவர் சொந்த ஊர் ஒயினை நுண்ணோக்கியில் பார்த்தார். கெடுப்பவை கிருமிகள், இளஞ்சூடு காட்டினால் அவை அடங்கும் என்று முடிவுக்கு வந்தார். பாலுக்கு அந்த முறை பிற்பாடுதான் போனது.

அதைவிட எனக்குப் பிடித்தது 1878-ல் அவர் செய்த பரிசோதனை. புளிக்க வைக்கும் பொருள் பழத்துக்குள்ளேயே இருக்கிறதா, வெளியிலிருந்து வந்து ஒட்டுகிறதா என்று அப்போது ஒரு சண்டை. பாஸ்டர் தன் கொடித் தோட்டத்தில் சில கொடிகளின் மேல் கண்ணாடிக் கூண்டு அமைத்து, காய்ப் பருவத்திலேயே குலைகளைப் பஞ்சால் சுற்றி மூடினார். பழுத்ததும் நசுக்கி வைத்தார். வெளியே வெயிலில் பழுத்த குலைகளின் சாறு நுரைத்துப் பொங்கியது, பஞ்சுக்குள் இருந்தது அப்படியே கிடந்தது. புளிக்க வைக்கும் ஈஸ்ட் வெளியிலிருந்து வந்து தோலில் குடியேறுகிறது என்று ஆயிற்று. இந்த ஈஸ்ட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மத்தியானம் அதை நேரில் பார்க்கப் போகிறோம்.

மத்தியானம் என்றதும் நாங்கள் செய்த அடுத்த தப்பு. பாஸ்டர் வீட்டை விட்டு வெளியே வந்தபோது மணி பன்னிரண்டு. எந்த ஒயின்காரர் கதவைத் தட்டினாலும் பூட்டு. சிறு ஊர்களில் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை சாப்பாட்டு நேரம், ராஜாவே வந்தாலும் திறக்க மாட்டார்கள். சின்னத் தோட்டக்காரர்களிடம் முன்னதாகவே மின்னஞ்சலோ போனோ செய்து நேரம் வாங்கிவிடுவது நல்லது. நடு ஊரில் இருக்கும் கடைகளுக்கு அது தேவையில்லை. செப்டம்பரில் அறுவடை நேரம், அப்போது போனால் யாருக்கும் உங்களிடம் பேசப் பொழுதிருக்காது. ஆனால் அம்மாதம் முதல் ஞாயிறு மட்டும் விதிவிலக்கு. அன்று குலைகளை ஒன்றாகக் கட்டி ஆள் உயரத்துக்கு ஒரே ராட்சசக் குலையாக்கி, நான்கு பேர் தோளில் சுமந்து ஊர்வலமாகச் சென் ஜூஸ்த் தேவாலயத்துக்குக் கொண்டுபோய்த் தொங்கவிடுகிறார்கள். பியூ என்று பெயர். நம்மூரில் முதல் நெற்கதிரைக் கோயிலில் கட்டுவார்களே, அதேதான்.

கதவு திறக்கும் வரை வளைவுத் தாழ்வாரங்கள் உள்ள சதுக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மாமா ஊர்க்கதை சொன்னார். 1834-ல் இந்த ஊர்க்காரர்கள் அரசை எதிர்த்துக் கிளம்பினார்களாம். "உங்கள் தலைவர் யார்?" என்று அதிகாரிகள் கேட்டதற்கு, "நாங்க எல்லாருமே தலைவர்தான்" என்று பதில் வந்ததாம். ஒயின் விஷயத்திலும் அந்தத் திமிர் தெரிகிறது. ஊர்ப் பெயரை அந்த ஊர்த் திராட்சைக்கு மட்டுமே போடலாம் என்ற சட்ட உரிமை, நம் புவிசார் குறியீடு மாதிரி, பிரான்சில் முதன்முதலில் கிடைத்த ஊர்களில் அர்புவாவும் ஒன்று. 1936 மே 15. அதற்கு முன்னால் பட்ட அடியும் சாமானியமில்லை. 19-ஆம் நூற்றாண்டில் ஜூராவில் சுமார் 20,000 ஹெக்டேர் கொடி இருந்தது. வேரைத் தின்னும் ஃபிலாக்சரா பூச்சியும், அதன்பின் வந்த கஷ்டங்களும் சேர்ந்து அதைப் பத்தில் ஒன்றாக்கிவிட்டன. இன்றைக்கும் 2,000 ஹெக்டேர் அளவில்தான் இருக்கிறது.

இரண்டரை மணிக்கு ஒரு தோட்டக்கார அம்மா கதவைத் திறந்தார். ஐம்பது வயதிருக்கும், ரப்பர் பூட்ஸ், கை முழுக்கச் சாயக்கறை. நான் தெரிந்தவன் போல "முதலில் வெள்ளை கொடுங்கள்" என்றேன். அவர் மாமாவைப் பார்த்துச் சிரித்தார். மற்ற இடங்களில் வெள்ளை முதலில், சிவப்பு பின்னால். ஜூராவில் தலைகீழ். இங்கே சிவப்பு மெல்லியது, வெள்ளைதான் முரட்டு ஆள். வன் ஜோனைக் குடித்துவிட்டுச் சிவப்புக்குப் போனால் தண்ணீர் குடித்த மாதிரி இருக்கும்.

முதலில் வந்தது பூல்சார். அர்புவாக்காரர்கள் ப்ளூசார் என்கிறார்கள். பக்கத்துக் கிராமமான பூபிலன் இந்தத் திராட்சைக்குத் தன்னையே உலகத் தலைநகரம் என்று பலகை வைத்திருக்கிறது. தோல் மெல்லிசு, அதனால் நிறம் இறங்குவதில்லை. நன்னாரி சர்பத்தில் தாராளமாகத் தண்ணீர் விட்டுக் கலக்கினால் வரும் நிறம். கொஞ்சம் குளிர்ச்சியாகக் குடிக்க வேண்டும். அடுத்து த்ரூசோ, கொஞ்சம் அழுத்தமும் மிளகுக் காரமும் உண்டு. நான் இரண்டையும் கடகடவென்று விழுங்கிவிட்டேன். மேசையில் ஒரு கலயம் இருந்தது. மாமா அழகாக அதில் துப்பினார். எனக்குக் கூச்சம்.

"வெத்தல போட்டுத் தெருவோரம் துப்பின வம்சம், உனக்கு இதுகூட வராதா மாப்ள?"

மூன்றாவது கோப்பையிலிருந்து துப்பினேன். துப்பாமல் போயிருந்தால் வன் ஜோன் வரும்போது என் மூக்கு மழுங்கிப் போயிருக்கும், அந்த நாளே வீண். துப்புவது மரியாதைக்குறைவு இல்லை. தோட்டக்காரர்களே துப்பித்தான் ருசிக்கிறார்கள்.

பிறகு அந்த அம்மா எங்களைப் பீப்பாய் அறைக்குக் கூட்டிப்போனார். நிலவறையாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை, தரைத்தளத்தில், காற்றோட்டமாக இருந்தது. கோடையில் வெப்பமும் குளிர்காலத்தில் குளிரும் உள்ளே வர வேண்டுமாம். ஒரு பீப்பாயின் முகத்தில் மட்டும் பலகைக்குப் பதில் கண்ணாடி பதித்திருந்தார்கள். டார்ச் அடித்துக் காட்டினார். முக்கால் பங்கு ஒயின், மேலே வெற்றிடம், ஒயினின் முகத்தில் சாம்பல் வெள்ளையில் சுருக்கம் சுருக்கமாக ஓர் ஏடு.

காய்ச்சிய பால் ஆறும்போது படியும் ஆடையைப் போலவே இருந்தது. அவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயரின் அர்த்தமும் முக்காட்டுத் துணி. ஆனால் எனக்கு நினைவு வந்தது பால் அல்ல, உப்பு குறைந்த ஊறுகாய் ஜாடி. மேலே வெள்ளையாய்ப் படர்ந்திருக்கும், அம்மா "பூத்துப்போச்சு" என்று ஜாடியோடு கொல்லைக்குக் கொண்டுபோவார். இங்கே பூத்ததை ஆறு வருடம் காப்பாற்றுகிறார்கள். பாஸ்டர் பஞ்சு சுற்றித் தடுத்தாரே, அந்த ஈஸ்ட் கூட்டத்தின் வேலைதான் இதுவும்.

சவன்யன் என்ற வெள்ளைத் திராட்சையில் மட்டும்தான் வன் ஜோன் செய்யலாம். மற்ற ஒயின்களில் பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போனதை ஈடுகட்ட அவ்வப்போது ஊற்றி நிரப்புவார்கள். இதில் நிரப்பக் கூடாது. குறையக் குறைய இடம் உண்டாகும், ஏடு படரும், காற்று நேராக ஒயினைத் தொடாமல் அதன் வழியாக வடிகட்டித்தான் இறங்கும். காற்று முழுதாகப் பட்டால் வினிகர், படவே இல்லையென்றால் சாதாரண வெள்ளை ஒயின். அறுவடையிலிருந்து கணக்கிட்டு ஆறாவது வருடம் டிசம்பர் 15 வரை பீப்பாயில் கிடக்க வேண்டும், அதில் 60 மாதமாவது ஏட்டின் கீழ். எல்லாப் பீப்பாயும் தேறாது, தேறாததை வேறு ஒயினுக்குத் திருப்பிவிடுவார்கள். ஒரு லிட்டர் போட்டால் கடைசியில் மிஞ்சுவது 620 மில்லி. நான் மருந்துப் புட்டி என்று நினைத்தேனே, க்ளாவ்லன், அதன் கொள்ளளவு சரியாக 620 மில்லி. அந்த 42 யூரோவில் ஆறு வருட வாடகையும், ஆவியாகிப் போன மூன்றில் ஒரு பங்குக்கு மேலான ஒயினும் அடக்கம் என்று அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

கடைசியாகக் கோப்பை வந்தது. காலையிலேயே திறந்து வைத்த புட்டி, அறைக் குளிர்ச்சியில். அம்மா சொல்லச் சொல்ல மாமா மொழிபெயர்த்தார். பச்சை அக்ரூட், ஆப்பிள் தோல், உலர்ந்த பழம். எனக்கு எதுவும் பிடிபடவில்லை. பச்சை அக்ரூட்டை நான் வாழ்நாளில் முகர்ந்ததே இல்லை, எங்கே போய்த் தேடுவது? அப்புறம் மாமா, "கறிப்பொடி வாசனையும் இருக்கும்னு சொல்றாங்க" என்றார்.

கறிப்பொடி இல்லை. கண்ணை மூடி இன்னொரு முறை முகர்ந்தேன். சிங்கில் கொட்டிய அன்று பெயர் வராமல் நின்ற அந்த ஒன்று. நல்லெண்ணெய் காய்ந்ததும் போடுவார்களே, சிவந்து அடுக்களை முழுக்கக் கிளம்புமே.

"மாமா, வெந்தயம்!"

மாமா கோப்பையை வாங்கி முகர்ந்தார். முகம் மாறிவிட்டது. நாற்பது வருடமாக இதைக் குடிக்கிறவர். "ஆமாண்டா" என்றார், மாப்பிள்ளை மரியாதையெல்லாம் பறந்துபோய். ஆனால் வெந்தயத்துக்குப் பிரெஞ்சில் என்ன என்று அவருக்கு வரவில்லை. அத்தைக்குப் போன் போட்டார். "ஃபெனுக்ரெக்" என்று பதில் வந்ததும் அந்த அம்மா மேசையைத் தட்டினார். வன் ஜோனுக்கு அந்த வாசனையைத் தரும் பொருளுக்கு சோட்டோலோன் என்று பெயராம். வெந்தயத்துக்கு வாசனை தருவதும் அதே சோட்டோலோன்தான். அந்த அம்மா கறிப்பொடி என்று சொன்னது பொடியில் கிடக்கும் வெந்தயத்தைத்தான்.

அன்று முதல் ஒயின் விஷயத்தில் ஒரு வேலையை விட்டுவிட்டேன், லேபிளில் எழுதியிருக்கும் பழங்களைத் தேடுவதை. நெல்லிக்காய், புளியம்பழ ஓடு, சாம்பிராணி, ஈரச் சாக்கு என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தோட்டக்காரர்கள் சிரிப்பதில்லை, ஆர்வமாகக் கேட்கிறார்கள்.

அந்த அம்மா வைக்கோல் ஒயின் என்று இன்னொன்றும் கொடுத்தார். பறித்த குலைகளைக் குறைந்தது ஆறு வாரம் உலர்த்திப் பிழிவது, அந்தக் காலத்தில் வைக்கோல் மேல் பரப்பினார்கள். 375 மில்லிப் புட்டிதான், பாகு மாதிரி இனிப்பு. அத்தைக்கென்று மாமா ஒன்று வாங்கினார். எனக்கு ஒரு சொட்டுக்கு மேல் போகவில்லை.

வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புட்டியில் வெறும் 'அர்புவா, சவன்யன்' என்று இருந்தால் அது பீப்பாயை நிரப்பிச் செய்ததாகவும் இருக்கலாம், ஏட்டின் கீழ் வைத்ததாகவும் இருக்கலாம். 'ஊயே' என்ற சொல் இருந்தால் பீப்பாயை நிரப்பி நிரப்பிச் செய்தது, எலுமிச்சைப் புளிப்போடு பளிச்சென்று இருக்கும், முதல்முறை குடிப்பவருக்கு அதுதான் தோது. ஏட்டின் கீழ் இரண்டு மூன்று வருடம் மட்டும் வைத்த சவன்யனும் உண்டு. வன் ஜோனின் தம்பி, விலையில் பாதி. சமையலுக்கு அதைத்தான் பயன்படுத்த வேண்டும். க்ரீமும் மோரெல் காளானும் போட்ட கோழிக்குப் பெயர் வன் ஜோன் கோழி என்றாலும், வீடுகளில் தம்பியை ஊற்றிக் கொதிக்கவிட்டு, இறக்கும்போது அண்ணனை ஒரு கரண்டி விடுகிறார்கள்.

வன் ஜோனை எத்தனை வருடம் வைக்கலாம் என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். உன் பேரன் வரைக்கும் என்றார். மிகையில்லை. அர்புவாவில் அனடுவால் வெர்செல் என்பவர் 1774-ல், பதினாறாம் லூயி அரியணை ஏறிய வருடம், செய்த வன் ஜோன் புட்டி ஒன்று 2018-ல் 1,03,700 யூரோவுக்கு ஏலம் போனது.

நான் இரண்டு வாங்கினேன். ஊருக்குக் கொண்டுபோக நினைப்பவர்களுக்கு: இந்தியாவுக்குள் ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை வரியில்லை, மூன்று க்ளாவ்லன் 1.86 லிட்டர்தான், கணக்குக்குள் வரும். செக்-இன் பெட்டியில் துணிக்கு நடுவில் வைத்துவிடுங்கள். கையில் கொண்டுபோனால் பாதுகாப்புச் சோதனையில் பறிபோகும்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக வத்தக்குழம்போடு குடித்துப் பார்த்தேன். வெந்தயத்துக்கு வெந்தயம் என்று கணக்கு. படுதோல்வி. புளியும் காரமும் சேர்ந்து ஒயினைத் தூக்கிப் போட்டு மிதித்துவிட்டன, பதினான்கு சதவீத ஆல்கஹால் மிளகாய்க்கு எண்ணெய் ஊற்றியது. இரண்டு நாள் கழித்து முந்திரி அரைத்த, காரம் குறைந்த கோழிக் குருமாவோடு மறுபடி முயன்றேன். அது சேர்ந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், ஒன்றரை வருடம் முதிர்ந்த கோம்தே பாலாடைக்கட்டி ஒரு துண்டும் இரண்டு அக்ரூட்டும் போதும், வேறு எதுவும் வேண்டாம். திறந்த புட்டியை அவசரமாகக் காலி செய்யவும் வேண்டாம். தக்கையால் மூடி வைத்தால் வாரக்கணக்கில் நிற்கிறது. காற்றோடு ஆறு வருடம் பழகியதற்குத் திறந்து வைத்த காற்று ஒரு பொருட்டா?

இரண்டாவது புட்டியைத் திறக்க அந்த அலுவலக நண்பரைக் கூப்பிட்டேன். காலையிலேயே திறந்து, பால்கனியில் வைத்து, 15 டிகிரிக்குக் கொண்டுவந்திருந்தேன். அவர் முகர்ந்துவிட்டு அக்ரூட் என்றார். மனைவி அஞ்சறைப்பெட்டியைக் கொண்டுவந்து, வாணலியில் நாலு வெந்தயத்தைச் சிவக்க வறுத்து அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். அவர் வாணலியை முகர்ந்தார், கோப்பையை முகர்ந்தார், மறுபடி வாணலி. கொஞ்ச நேரம் பேசவே இல்லை. போகும்போது ஒரு பிடி வெந்தயத்தைக் காகிதத்தில் மடித்துக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

சிங்க் விஷயத்தை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.